பிரோசோவிச் 99-இல் நின்றுவிட்டார். அவர் வெறும் ஓட்டக்காரர்தானா?

#1 நடுக்களம்77

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 2022 கால்பந்து உலகக் கோப்பையின் ஜப்பான் – குரோஷியா ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, பந்தைப் பார்க்காமல் ஒரே ஒரு ஆளை மட்டும் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். 11-ஆம் எண், குரோஷியாவின் மிட்ஃபீல்டர் மார்செலோ பிரோசோவிச்.

அந்த ஆட்டத்தில் 99-ஆவது நிமிடத்தில் மோட்ரிச்சையும் கோவாச்சிச்சையும் ஒன்றாக வெளியே எடுத்தார் கோச் டாலிச். உலகமே வாயைப் பிளந்து பேசிய மூவர் நடுக்களத்தில் மிச்சம் இருந்தது பிரோசோவிச் மட்டும். 120 நிமிடமும் நின்றார். 16.7 கிலோமீட்டர் ஓடினார். உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் அதிகத் தூரம் ஓடிய சாதனை அது. அதற்கு முந்தைய சாதனையும் அவருடையதுதான்: 2018 அரையிறுதி, இங்கிலாந்துக்கு எதிராக 16.3. அவ்வளவும் ஓடி முடித்துவிட்டு ஷூட்-அவுட்டில் இரண்டாவது ஆளாகப் போய்ப் பெனால்டியைக் கோலாக்கினார். மறுநாள் பேச்செல்லாம் மூன்று பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் லிவாகோவிச்சைப் பற்றித்தான். நியாயம்தான், அதைக் குறை சொல்ல முடியாது.

2024 ஆகஸ்டில் தேசிய அணியிலிருந்து விலகினார். எத்தனை ஆட்டம் தெரியுமா? 99. ஸ்ர்னா, பிளெட்டிகோசா, ராக்கிடிச் எல்லாம் நூறைத் தாண்டியவர்கள். இவர் ஒன்று குறைவாக நிறுத்திக்கொண்டார்.

என் கட்சி இதுதான்: குரோஷியா இரண்டு உலகக் கோப்பைகளில் தொடர்ந்து கடைசி நான்கு அணிகளுக்குள் வந்ததற்கு மோட்ரிச்சுக்கு அடுத்த காரணம் இவர். மறுப்பவர்கள் வரலாம்.

#2 ஆஃப்சைடு அண்ணாச்சி

வந்துட்டேன் தம்பி.

கிலோமீட்டர் கணக்கை வைத்து ஆட்டக்காரரை அளந்தால் எங்கள் தெரு தபால்காரருக்குத்தான் தங்கப் பந்து கொடுக்க வேண்டும். 16.7 என்பது 120 நிமிடத்துக்கு. 90 நிமிடத்துக்கு வகுத்துப் பாருங்கள், 12.5 வரும். நல்ல மிட்ஃபீல்டர்கள் பலர் தொடுகிற கணக்குதான். கூடுதல் நேரம் ஆடாத அணியில் இருப்பவர்களுக்கு இந்தச் சாதனையை உடைக்க வாய்ப்பே கிடையாது. குரோஷியாவோ கூடுதல் நேரத்தில் குடியிருந்த அணி.

அதே போட்டியில் காலிறுதியை மறந்துவிட்டீர்கள். பிரேசிலுக்கு எதிராக 114-ஆவது நிமிடத்தில் பிரோசோவிச்சை எடுத்துவிட்டு ஒர்ஷிச்சை இறக்கினார் டாலிச். 117-இல் அதே ஒர்ஷிச் இடதுபக்கம் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க, பெட்கோவிச் சமன் செய்தார். பிரோசோவிச் வெளியே போனபிறகுதான் கோலே வந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#3 பெஞ்ச்பிளேயர்

அண்ணாச்சி முதல் பந்திலேயே ஸ்டம்பைக் குறிவைக்கிறார். விளையாட்டு வேறு என்று யாராவது சொல்லுங்கள்.

#4 கோல்கீப்பர் அக்கா

அண்ணாச்சி, வகுத்தல் கணக்கு சரி. ஆனால் நிமிடத்துக்கு இவ்வளவு என்ற சராசரி 90-க்குப் பிறகு எல்லோருக்கும் சரியும். இவருக்குச் சரியவில்லை. அதுதான் விஷயம். அப்புறம், பிரேசில் ஆட்டத்தில் அணி ஒரு கோல் பின்னால் இருந்தது, ஆறு நிமிடம் பாக்கி. யாராக இருந்தாலும் தற்காப்பு மிட்ஃபீல்டரை எடுத்துவிட்டு விங்கரைத்தான் இறக்குவார்கள். அதை அவர் மேல் பழியாகப் போடக்கூடாது.

தூரத்தை விடுங்கள். எந்த இடத்தில் ஓடுகிறார் என்று பாருங்கள். நான் கோல்கீப்பராக ஆடியவள், அதனால் எனக்குப் பின்னாலிருந்து பார்க்கிற பழக்கம். கோல்கீப்பர் கையில் பந்து வந்ததும் பெரும்பாலான மிட்ஃபீல்டர்கள் என்ன செய்வார்கள்? முன்னால் நகர்ந்து, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். "எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது கொடு" என்று உடம்பே சொல்லும். பிரோசோவிச் நேர் எதிர். இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவே நடந்து வருவார். ஓட்டம் இல்லை, நடை. வரும்போதே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. கை நீட்டி விங் பேக்கை "நீ போ" என்பார். பந்து கால் தொடுவதற்குள் அடுத்த பாஸ் எங்கே என்று முடிவாகிவிடும். கொடுத்த உடனே நிற்க மாட்டார். நான்கு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி கேட்பார். ஒரு ஆட்டத்தில் இதை நூறு தடவை செய்வார். அந்த 16 கிலோமீட்டரில் பாதி இந்த நாலு நாலு எட்டுகள்தான்.

அவரிடமிருந்து பந்தைப் பறிக்க ஒருவன் ஓடி வந்தால், எதிரணியில் ஒரு ஓட்டை விழுந்தது என்று அர்த்தம். அந்த ஓட்டையில், இத்தாலியின் இன்டர் கிளப்பில் என்றால் பரெல்லாவோ, குரோஷியாவில் என்றால் மோட்ரிச்சோ நிற்பார்கள். பெயர் அவர்களுக்குக் கிடைக்கும்.

#5 சிவப்புக்கறுப்பு

மிலன் ரசிகன் பேசுகிறேன், கல்லெறியாமல் கேளுங்கள்.

நீங்கள் எல்லாரும் 2018-க்குப் பிந்தைய பிரோசோவிச்சைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கு முன் மூன்று வருடம் இன்டரில் என்ன செய்தார்? 2015 ஜனவரியில் டினாமோ சாக்ரெபிலிருந்து அப்போதைய கோச் மாஞ்சினி கொண்டுவந்தார். முதலில் லோன், பிறகு வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. ஒரு நாள் பக்கவாட்டில், ஒரு நாள் பத்தாம் எண் இடத்தில், ஒரு நாள் பெஞ்சில். கோல் போட்டுவிட்டுத் தாடையில் கையை வைத்துக்கொண்டு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நிற்பார், அது இணையத்தில் பெரிய மீமாக ஓடியது. எபிக் பிரோசோ என்று பட்டப்பெயர். அந்தக் காலத்தில் அவர் ஆட்டத்தைவிட மீம்தான் பிரபலம்.

2018 பிப்ரவரியில் பொலோன்யா ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? மாற்றி வெளியே அழைத்தபோது சொந்த மைதானமே சீட்டியடித்தது. இவர் பதிலுக்குக் கிண்டலாகக் கைதட்டிக்கொண்டே போனார். கோச் ஸ்பல்லெட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் செவில்லாவுக்கு லோனில் அனுப்பப் பேச்சு நடந்தது. அது கைகூடியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

#6 நடுக்களம்77

சிவப்புக்கறுப்பு சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

கைதட்டல் நடந்து சரியாக ஒரு மாதம். 2018 மார்ச் 11, நப்போலி இன்டரின் சான் சிரோ மைதானத்துக்கு வருகிறது. கோச் சாரியின் நப்போலி, அந்த வருடம் யாரைப் பார்த்தாலும் பந்தை ஒளித்து விளையாடிய அணி. ஸ்பல்லெட்டி பிரோசோவிச்சை டிஃபென்ஸுக்கு நேர் முன்னால் கீழே இறக்கிவிட்டார். அதே சீசனில் அக்டோபரில் பெனவென்ட்டோவுக்கு எதிராக முன்னால் ஆடி மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்ட ஆள் இவர். அவரைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார். ஆட்டம் 0-0. பார்க்கச் சப்பென்று இருந்தது. ஆனால் அன்றோடு இவருடைய இடம் எது என்ற கேள்வி தீர்ந்தது.

இத்தாலியில் அந்த இடத்துக்கு ரெஜிஸ்டா என்று பெயர். சினிமா டைரக்டருக்கும் அங்கே அதே சொல்தான். பிர்லோ மாதிரி உட்கார்ந்த இடத்திலிருந்து நாற்பது மீட்டர் பாஸ் போடுகிறவர்தான் ரெஜிஸ்டா என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. பிரோசோவிச் அந்தப் படத்துக்குள் அடங்க மாட்டார். இவர் டைரக்டரும் ஆவார், லைட்டும் தூக்குவார்.

மே 20, கடைசி ஆட்டத்தில் ரோமில் லாட்சியோவை 3-2 என்று வென்று இன்டர் ஆறு வருடத்துக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்பியது. அடுத்த மாதம் ரஷ்யாவில் உலகக் கோப்பை. நைஜீரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் தொடக்க அணியில் இவர் இல்லை, பாதியில் வந்தார். இரண்டாவது ஆட்டம் நிஷ்னி நோவ்கோரோடில் அர்ஜென்டினா. கிராமரிச்சை உட்காரவைத்துவிட்டு இவரை இறக்கினார் டாலிச். மெஸ்ஸிக்குப் பந்து போகிற வழியில் எல்லாம் ஒரு சுங்கச்சாவடி மாதிரி நின்றார். 3-0. மோட்ரிச் பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த அந்த இரண்டாவது கோல் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பந்தை மோட்ரிச்சுக்குக் கொடுத்தது யார் என்று கேட்டால் பத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

இவர் பின்னால் நின்றதால்தான் ராக்கிடிச்சும் மோட்ரிச்சும் முன்னால் போக முடிந்தது. ஒரு ஆளைச் சேர்த்து இரண்டு பேரை விடுவித்த கணக்கு அது.

#7 ராத்திரிமேட்ச்

முதலைக் கதையை யாரும் சொல்லவில்லையே! அதற்காகத்தான் இந்த இழைக்குள் வந்தேன்.

2018 அக்டோபர் 24, கேம்ப் நூ. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. பார்சிலோனாவுக்குப் பெட்டிக்கு வெளியே ஃப்ரீ கிக். மெஸ்ஸி கைக் காயத்தில், அதனால் சுவாரெஸ் நிற்கிறார். இன்டர்காரர்கள் சுவர் கட்டி நிற்கிறார்கள். சுவாரெஸ் ஓடி வருகிறார், சுவர் குதிக்கிறது. அவர் அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, குதித்த கால்களுக்குக் கீழே தரையோடு அடிக்கிறார். அற்புதமான யோசனை. ஆனால் சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் தரையில் படுத்துக் கிடக்கிறார்! சறுக்கி வந்து, சரியாகப் பந்து போகிற வழியில் நீட்டிப் படுத்திருக்கிறார் பிரோசோவிச். பந்து அவர் மேல் பட்டு நின்றது. சுவாரெஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்டர் 2-0 என்று தோற்றது, அது வேறு. இத்தாலிக்காரர்கள் இவருக்குக் கொக்கோட்ரில்லோ, அதாவது முதலை, என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் சுவருக்குப் பின்னால் ஒருவர் படுத்திருக்கிறார். அதை முதலில் செய்தவர் இவர்தானா என்று சண்டை போட வேண்டாம். ஊர் உலகத்துக்கெல்லாம் பரவியது இந்தப் படத்துக்குப் பிறகுதான்.

#8 பெஞ்ச்பிளேயர்

முதலைக்கு நானும் ஒரு சாட்சி. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இதைச் செய்து பார்க்கலாம் என்று என்னைப் படுக்கச் சொன்னார்கள். மழை பெய்து இரண்டு நாள் ஆன மைதானம். முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதே பெரிய கேள்வி. பந்தைப் பார்த்துப் படுத்தால் மூக்கு போகும், திரும்பிப் படுத்தால் பந்து வருவது தெரியாது. நான் திரும்பிப் படுத்தேன். அடித்தவன் மேலே அடித்துக் கோல் போட்டான். எழுந்து பார்த்தால் பனியன் முழுக்கச் சேறு, என் அணிக்காரர்களே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

படுப்பது பெரிதல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஒன்றும் நடக்காது என்று தெரிந்தும் படுப்பதுதான் பெரிது. அந்த ஒரு விஷயத்துக்காகவே ஆளை எனக்குப் பிடிக்கும்.

#9 ஆஃப்சைடு அண்ணாச்சி

பெஞ்ச்பிளேயர், அந்தப் பனியன் படம் இருந்தால் போடுங்கள், விவாதத்துக்கு உதவும்.

சரி, படுத்த கதையை ரசித்தேன். விழுந்த கதைக்கு வருவோமா? 2018 உலகக் கோப்பை இறுதி, மாஸ்கோவின் லுஷ்னிகி மைதானம். குரோஷியா முதல் கால் மணி நேரம் பிரான்ஸைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்தது. 18-ஆவது நிமிடத்தில் கிரீஸ்மான் கொடுத்த ஃப்ரீ கிக் மாண்ட்சுகிச் தலையில் பட்டு சொந்த கோல் ஆனது. அந்த ஃப்ரீ கிக் எப்படி வந்தது? பிரோசோவிச் செய்த ஃபவுல்.

#10 கோல்கீப்பர் அக்கா

ஃபவுல் என்று நடுவர் சொன்னார். கிரீஸ்மான் கால் படுவதற்கு முன்பே காற்றில் இருந்தார் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அண்ணாச்சி. பிரோசோவிச் காலைப் பின்னால் இழுக்கிறார்.

அதுவரை மூன்று நாக் அவுட் ஆட்டங்களும் கூடுதல் நேரம் போன அணி. டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து. பிரான்ஸைவிட மொத்தம் 90 நிமிடம் அதிகமாக ஆடிவிட்டு இறுதிக்கு வந்தார்கள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

#11 நடுக்களம்77

அந்த ஃபவுலைப் பற்றி நானும் அக்கா கட்சிதான். ஆனால் அண்ணாச்சி கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த இடத்தில் ஆடுகிறவனின் தவறு மட்டும்தான் கண்ணில் படும். நூறு பாஸ் சரியாகப் போனால் யாரும் எண்ண மாட்டார்கள், ஒரு ஃபவுல் மட்டும் வரலாற்றில் ஏறிவிடும்.

அவர் மதிப்பு தெரிய வேண்டுமானால் அவர் இல்லாத ஆட்டங்களைப் பாருங்கள். 2022 மார்ச் 8, ஆன்ஃபீல்டில் லிவர்பூலை இன்டர் 1-0 என்று வென்றது, மொத்தக் கணக்கில் வெளியேறினாலும். அதற்குப் பிறகு இவர் காயத்தில் உட்கார்ந்தார். டொரினோவுடன் 1-1, கூடுதல் நிமிடத்தில் சான்செஸ் காப்பாற்றினார். ஃபியோரென்டினாவுடன் 1-1. நான்கு புள்ளி போச்சு. சீசன் முடிவில் மிலன் 86, இன்டர் 84. அந்தச் சீசனுக்கு இத்தாலிய லீக்கான சீரி ஆவின் சிறந்த மிட்ஃபீல்டர் விருது யாருக்கு? பிரோசோவிச்சுக்கு. பட்டம் வென்ற அணியிலிருந்து யாருக்கும் அந்த விருதைக் கொடுக்கவில்லை.

#12 சிவப்புக்கறுப்பு

வந்துவிட்டதா 86-84! இன்டர்காரர்கள் சாகும்வரை இந்த இரண்டு புள்ளியைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 5 டெர்பியில் (ஒரே ஊர் அணிகளான மிலனும் இன்டரும் மோதும் ஆட்டம்) பிரோசோவிச் ஆடினாரா இல்லையா? ஆடினார். 1-0 என்று முன்னால் இருந்தீர்கள். ஜிரூ 75, 78. மூன்று நிமிடத்தில் தலைகீழ். அதுதான் சீசன். அப்புறம் ஏப்ரலில் பொலோன்யாவில் உங்கள் இரண்டாவது கோல்கீப்பர் பந்தை உதைக்கப் போய்க் காற்றை உதைத்தார். அதற்கும் பிரோசோவிச் இல்லாததுதான் காரணமா?

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரி டெர்பி. ரெபிச்சும் இப்ராவும் போட்டு இடைவேளையில் நாங்கள் 2-0. எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறை. 51-ஆவது நிமிடத்தில் பெட்டி விளிம்பில் பந்து உயரமாக வந்தது. இவர் இடது காலால் அப்படியே காற்றிலேயே அடித்தார். தரையில் விழவிட்டிருந்தால் தடுத்திருக்கலாம். இரண்டே நிமிடத்தில் வெசினோ சமன் செய்தார், கடைசியில் 4-2. அந்த வாலி இன்றும் எனக்கு வயிற்றில் ஒரு கல்.

#13 ராத்திரிமேட்ச்

மிலன்காரர் வயிற்றில் கல்! இதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

கோல் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். 2016 நவம்பர், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று, ஐஸ்லாந்து சாக்ரெபுக்கு வந்தது. தண்டனை காரணமாக ரசிகர்களே இல்லாத மக்ஸிமிர் மைதானம். பூட்டிய கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, கோச்சு கத்துவது டிவியிலேயே கேட்டது. 2-0. இரண்டும் பிரோசோவிச். அந்த ஊரில் பிறந்தவர், அங்கேயே டினாமோவுக்கு ஆடியவர், அதே மைதானத்தில் இரண்டு கோல் போடுகிறார், கைதட்ட ஒரு ஈ காக்கை இல்லை. இவர் ராசியே அதுதான் போலிருக்கிறது.

#14 ஆஃப்சைடு அண்ணாச்சி

ராசி எல்லாம் விடுங்கள். சல்ஹானோலு கதைக்கு யார் பதில் சொல்வது?

2022 செப்டம்பரில் தேசிய அணி ஆட்டத்தில் பிரோசோவிச் தொடைத் தசையில் அடிபட்டு உட்கார்ந்தார். இன்டர் கோச் இன்சாகி வேறு வழியில்லாமல் இன்னொரு மிட்ஃபீல்டரான சல்ஹானோலுவைக் கீழே இறக்கினார். அக்டோபர் 4, பார்சிலோனாவுக்கு எதிராக அவரே கோல் போட்டு 1-0 என்று வென்றார்கள். பிரோசோவிச் திரும்பி வந்தபோது நாற்காலியில் வேறு ஆள். 2023-இல் அவரை விற்றார்கள். அடுத்த சீசனில் இன்டர் 94 புள்ளியோடு பட்டம். அவர் இல்லாவிட்டால் அணி தடுமாறும் என்ற உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிட்டது. சுவருக்குப் பின்னால் இல்லை, முன்னாலேயே.

#15 சிவப்புக்கறுப்பு

சல்ஹானோலு எங்களிடமிருந்து 2021-இல், எங்களுக்கு ஒரு காசுகூடக் கிடைக்காமல், இன்டருக்குப் போனவர். அந்த 94 புள்ளிப் பட்டத்தை உறுதிசெய்ததும் எங்கள் டெர்பியில்தான். அண்ணாச்சி, யார் பக்கம் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

#16 கோல்கீப்பர் அக்கா

அண்ணாச்சி சொன்னது இந்த இழையிலேயே வலுவான வாதம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யவில்லை. சல்ஹானோலு நின்று கொண்டு நீளமாகப் போடுவார், பெனால்டி அடிப்பார், அவருக்காக பரெல்லாவும் மிகிதாரியானும் சுற்றிலும் ஓடுவார்கள். பிரோசோவிச் காலத்தில் அந்த ஓட்டத்தைப் பெரும்பாலும் அவரே ஓடினார். கோச் கோன்ட்டேயின் கீழ் 2021-இல் பட்டம் வந்தபோது எரிக்சனைப் பக்கத்தில் நிறுத்தி ஆட முடிந்ததற்கு அதுதான் காரணம். ஜுவென்டஸ் தொடர்ந்து ஒன்பது வருடம் வைத்திருந்த பட்டம் அது, இன்டருக்கு 2010-க்குப் பிறகு முதல் முறை.

புது ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடிந்தது என்றால், அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது என்று ஐந்து வருடம் உட்கார்ந்து காட்டியவர் ஒருவர் இருந்தார். அதை மறக்க வேண்டாம்.

அப்புறம் 2023 ஜூனைப் பாருங்கள். 10-ஆம் தேதி இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதி, மான்செஸ்டர் சிட்டி. தொடக்க அணியில் இருந்தார், சல்ஹானோலுவும் பக்கத்திலேயே. முதல் பாதியில் சிட்டியைப் பார்த்து நடுங்காமல் பந்து கேட்டவர்களில் இவர் முதல் ஆள். ரோட்ரி 68, 1-0. இன்டருக்கு அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். நான்கு நாள் கழித்து குரோஷியாவுக்காக, நெதர்லாந்துக்கு எதிராக நேஷன்ஸ் லீக் அரையிறுதி, கூடுதல் நேரம் வரை போய் 4-2 என்று வெற்றி. 18-ஆம் தேதி ரோட்டர்டாமில் ஸ்பெயினுடன் இறுதி, 0-0, மறுபடி கூடுதல் நேரம், ஷூட்-அவுட்டில் 5-4 என்று தோல்வி. இவர் பெனால்டியை அடித்தார், உள்ளே போனது. எட்டு நாளில் இரண்டு இறுதி, இரண்டிலும் வெள்ளிப் பதக்கம்.

#17 பெஞ்ச்பிளேயர்

எட்டு நாளில் இரண்டு தோல்வி. எனக்கு ஒரு வாரத்தில் இரண்டு முறை பஸ் தவறினாலே மூன்றாவது நாள் லீவு போட்டுவிடுவேன்.

#18 ராத்திரிமேட்ச்

அடுத்த மாதமே சவுதியின் அல் நாசர் கிளப். 18 மில்லியன் யூரோ. பார்சிலோனாவுக்கும் ஆசை இருந்தது, கையில் காசு இல்லை. இங்கே பலர் "பணத்துக்காகப் போய்விட்டார்" என்று அப்போது திட்டினார்கள், பழைய இழைகளைத் தோண்டினால் கிடைக்கும். வயது 30, இன்டரே விற்கத் தயார், அதற்குமேல் என்ன செய்வார்? போன கையோடு ஆகஸ்டில் அரபு கிளப் சாம்பியன்ஸ் கோப்பை வந்தது, அல் ஹிலாலுக்கு எதிராக ரொனால்டோ இரண்டு கோல். ஆனால் சவுதி லீக்கில் முதலையைத் தேடிப் பார்க்கிற ஆர்வம் எனக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரொனால்டோவைத் தாண்டிக் கேமரா வருவதே இல்லை.

#19 ஆஃப்சைடு அண்ணாச்சி

அக்காவின் நாற்காலி வாதத்துக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். மீதிப் பாதி யூரோ 2024-க்காகப் பிடித்துக்கொள்கிறேன். ஸ்பெயினிடம் 0-3. அந்த மூவர் நடுக்களத்தைச் சுற்றி ஸ்பெயின்காரர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். மூவருக்கும் வயதாகிவிட்டது, டாலிச்சுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

#20 நடுக்களம்77

அதில் சண்டை இல்லை, அண்ணாச்சி. ஒரு போட்டி தாமதம்தான். அல்பேனியாவுடன் 2-2, பிறகு லைப்சிக்கில் இத்தாலி. மோட்ரிச் கோல் போட்டு 1-0, எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது 98-ஆவது நிமிடத்தில் ஸக்காக்னி சமன் செய்தார். அதுதான் பிரோசோவிச்சின் 99-ஆவது ஆட்டம்.

2014 ஜூனில் பிரேசில் மண்ணில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் தொடங்கியவர். ஆறே நாளில் உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக மாற்று வீரராக இறக்கினார்கள். வெளியே வந்தவர் கோவாச்சிச். பத்து வருடம் கழித்து முடிந்தது.

நூறாவது ஆட்டத்துக்கு மைதானத்தில் பூச்செண்டு, சட்டம் போட்ட சட்டை எல்லாம் கொடுப்பார்கள். செப்டம்பரில் ஒரு ஆட்டம், பத்து நிமிடம் இறங்கியிருந்தால் போதும். அதற்கு முந்தைய மாதமே போதும் என்றுவிட்டார்.

#21 கோல்கீப்பர் அக்கா

எனக்கு அது பிடித்திருக்கிறது. நூறுக்காக ஒருவனை இறக்கினால் அந்த இடத்தில் ஒரு இளைஞன் உட்கார வேண்டும்.

#22 சிவப்புக்கறுப்பு

99 என்றால் எங்களூர் பேட்ஸ்மேன்களுக்குத் தூக்கம் வராது. இவருக்கு வந்திருக்கிறது.

இன்டர் கணக்கு எத்தனை? யாராவது போடுங்கள்.

#23 நடுக்களம்77

330 ஆட்டம், 31 கோல். அதில் ஒன்று உங்கள் வயிற்றில்.

அண்ணாச்சி, இன்றைக்கு ராத்திரி லுஷ்னிகி இறுதியைப் போடப் போகிறேன். 18-ஆவது நிமிடத்தைக் கால் வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். கால் பட்டிருந்தால் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

#24 ஆஃப்சைடு அண்ணாச்சி

பட்டிருக்கும். பார்த்துவிட்டு வாங்க தம்பி, முழித்துத்தான் இருப்பேன்.